பரோட்டாக் கடை முட்டை ஓட்டைக் கோழிக்குப் போடலாமா?

மாடிக்கோழி (திருநகர்)
ஞாயிறு, காலை 6.50

எல்லாருக்கும் வணக்கம். மாடியில் எட்டுப் பெட்டையும் ஒரு சேவலும் வளர்க்கிறேன். பெட்டையில் ஐந்து கிராமப்பிரியா ரகம், மூன்று சிறுவிடை நாட்டுக்கோழி. காலையில் கம்பும் உடைத்த மக்காச்சோளமும், மத்தியானம் தவிட்டில் பிசைந்த மிச்சச் சோறு, சாயங்காலம் கீரைத்தண்டு. கம்பெனித் தீவனம் வாங்குவதில்லை. வீட்டுக்காரிக்கு அந்த வாடை ஆகாது.

பத்து நாளாக ஓடு மெலிந்துகொண்டே வந்தது. நேற்றுக் கூடைக்குள் கை விட்டால் ஒன்று தண்ணீர் அடைத்த பலூன் மாதிரி அமுங்கியது. வெறும் தோல், ஓடே இல்லை. அம்மா பார்த்துவிட்டு "தோல்முட்டை வீட்டுக்கு ஆகாது, முச்சந்தியில் கொண்டுபோய்ப் போடு" என்றார். போட்டுவிட்டு வந்தேன். அது வேறு கதை.

எங்கள் தெருமுனை ராத்திரிக் கடையில் தினமும் ஒரு வாளி முட்டை ஓடு குப்பைக்குப் போகிறது. கேட்டால் தருவார்கள். அதைக் கோழிக்குப் போடலாமா? போட்டால் தன் முட்டையையே கொத்திக் குடிக்கப் பழகிவிடும் என்கிறார்களே, நிஜமா?

சந்தேகச்சாமி
ஞாயிறு, காலை 7.15

போடாதீர்கள். சித்தப்பா வீட்டில் இப்படித்தான் அடுப்படி ஓட்டை முற்றத்தில் வீசிக்கொண்டிருந்தார்கள். ஒரு கோழி ருசி கண்டுவிட்டது. அது கற்றுக்கொடுத்து நாலு கோழியும் முட்டைக்குடியன் ஆகி, கடைசியில் நாலும் குழம்புச் சட்டிக்குப் போயின. அது போக, எங்கள் தாத்தா காலத்தில் யார் கோழிக்குக் கால்சியம் கொடுத்தார்கள்?

மேலூர்ப் பஞ்சாரம்
ஞாயிறு, காலை 9.30

தாத்தா காலத்தில் யாரும் கொடுக்கவில்லை, தம்பி. அதுவாக எடுத்துக்கொண்டது.

எங்கள் அப்பத்தா வீட்டு மாட்டுத்தொழுவம் மண்சுவர், மேலே சுண்ணாம்பு. பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிப்போம். சித்திரை பிறப்பதற்குள் தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்குச் சுவர் செம்மண்ணாகிவிடும். கோழி கொத்தும் உயரம் அது. அதற்கு மேலே மட்டும் வெள்ளை. சேவல் அந்தப் பக்கமே போகாது, முட்டையிடும் பெட்டைகள்தான் சாயங்காலமாக வந்து டொக் டொக்கென்று தட்டும். அப்பத்தா திட்டிக்கொண்டே இருப்பார், விரட்ட மாட்டார். கண்மாய்ப் பக்கம் மேய்கிற கோழிக்கு நத்தை ஓடும் கிடைத்துவிடும்.

இன்றைக்கு உங்கள் மாடியில் சுண்ணாம்புச் சுவரா இருக்கிறது? டைல்ஸும் பெயிண்டும்தானே. நீங்கள்தான் கொடுக்க வேண்டும். நான் இருபது வருடமாக முட்டை ஓடு போடுகிறேன். ஒரு கோழியும் முட்டை குடித்ததில்லை.

ஆனால் சாமி சொன்ன மாதிரி அரை ஓட்டை அப்படியே முற்றத்தில் வீசக் கூடாது. அதில் வெள்ளைக்கரு ஒட்டியிருக்கும், பார்க்கவும் முட்டை மாதிரியே இருக்கும். கோழியைச் சொல்லிக் குற்றமில்லை. கழுவி, வெயிலில் காயப்போட்டு, வெறும் இரும்புச் சட்டியில் சிறு தீயில் வறுங்கள். உள்தோல் கருகும்போது முடி பொசுங்குகிற வாடை வரும், பயப்படாதீர்கள். ஓரம் லேசாகப் பழுத்து, கரண்டி பட்டால் கலகலவென்று சத்தம் கேட்கும். அப்போது இறக்கிவிடலாம். கையில் அழுத்தினாலே நொறுங்கும். மாவாக ஆக்கிவிடாதீர்கள், அரிசிக் குருணை அளவுக்கு இருந்தால் போதும்.

சந்தேகச்சாமி
ஞாயிறு, காலை 9.52

அக்கா, சுவரையே கொத்தினது என்றால் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தீனியில் கலந்துவிட்டால் வேலை முடிந்ததே. எதற்கு இந்த வறுவல்?

ஊசிமருந்து
ஞாயிறு, மதியம் 1.10

அதைச் செய்துவிடாதீர்கள். கால்நடை மருத்துவனாகச் சொல்கிறேன்.

வெற்றிலைச் சுண்ணாம்பு நீர்த்த சுண்ணாம்பு. காரம் அதிகம், கோழியின் வாயையும் தீனிப்பையையும் புண்ணாக்கும். நீற்றாத கல் சுண்ணாம்பு அதைவிட மோசம். சுவரில் அடித்த சுண்ணாம்பு வேறு. அது காற்றில் இருக்கிற கரியமில வாயுவை இழுத்து நாளாக ஆகக் கால்சியம் கார்பனேட்டாக மாறிவிடும். முட்டை ஓடும் 95 சதவீதம் அதே கால்சியம் கார்பனேட்தான். கிளிஞ்சலும் அதே, நத்தை ஓடும் அதே. அந்த அப்பத்தா வீட்டுக் கோழிகள் சரியான பொருளைத்தான் கொத்தியிருக்கின்றன. பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று டப்பாச் சுண்ணாம்பைக் கொட்டினால் என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வருவீர்கள்.

சாயங்காலம் கொத்தும் என்று அக்கா சொன்னதற்கும் காரணம் உண்டு. கோழியின் வயிற்றுக்குள் ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம். அதில் ஓடு கட்டுவதற்கு மட்டும் ஏறக்குறைய 20 மணி நேரம் போகிறது, பெரும்பகுதி ராத்திரியில். அந்த நேரத்தில் தீனி கிடையாது. வயிற்றில் இருப்பதை வைத்துத்தான் கட்ட வேண்டும், இல்லையென்றால் எலும்பிலிருந்து எடுக்கும். அதனால் அடைவதற்கு முன் சுண்ணாம்புச் சத்தைத் தேடித் தின்னும். நொறுக்கிய ஓட்டைத் தனியாக ஒரு கிண்ணத்தில் போட்டு மூன்று நான்கு மணிக்கு வையுங்கள்.

மாவாக்க வேண்டாம் என்பதும் சரிதான். கறிக்கடையில் கிழித்து உள்ளே மஞ்சள் தோலை உரிப்பார்களே, அந்த அரைவைப்பையில் பருமனான துண்டு தங்கி, ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். மாவு சீக்கிரம் கடந்து போய்விடும்.

தீவனமூட்டை
ஞாயிறு, இரவு 8.40

நாமக்கல்லில் ஒரு தீவன மில்லில் பதினோரு வருடம் இருந்தவன். எல்லாரும் போடலாமா கூடாதா என்றே பேசுகிறீர்கள். எவ்வளவு என்று யாருமே கேட்கவில்லையே.

கிராமப்பிரியா முட்டை 55 கிராம் என்று வையுங்கள். பத்தில் ஒரு பங்கு ஓடு, ஐந்தரை கிராம். கார்பனேட்டில் 40 சதவீதம் கால்சியம். ஆக ஒரு ஓட்டில் 2 கிராம் கால்சியம்.

கோழி தின்றதில் சுமார் பாதிதான் உடம்பில் ஏறும். 2 கிராம் ஓட்டுக்குப் போக வேண்டும் என்றால் 4 கிராம் தின்ன வேண்டும். முட்டைக்கோழித் தீவனத்தில் மூன்றரையிலிருந்து 4 சதவீதம் கால்சியம் வைப்பது இதற்குத்தான். கோழி நாளைக்கு நூறு, நூற்றுப்பத்து கிராம் தின்னும், கணக்கு நேராகிவிடும்.

இப்போது உங்கள் தீனிக்கு வாருங்கள். 100 கிராம் கம்பில் கால்சியம் 50 மில்லிகிராம்கூட வராது. மக்காச்சோளத்தில் அதுவும் இல்லை. கேழ்வரகில் 350 வரை உண்டு, அதுவும் அரை கிராமுக்குக் கீழேதான். தவிட்டில் இருக்கிற பைட்டேட் என்கிற பொருள் வேறு, வருகிற கால்சியத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆகவே 4 கிராமும் கிட்டத்தட்ட வெளியிலிருந்துதான் வர வேண்டும். அதாவது ஒரு முட்டைக்கு இரண்டு முட்டையின் ஓடு. பத்து ரூபாய் கொடுத்தால் ஐந்து ரூபாய்க்குச் சரக்குத் தருகிற கடை இது.

ஐந்து கிராமப்பிரியாவும் சேர்ந்து தினம் நாலு முட்டை போட்டால் எட்டு ஓடு வேண்டும். வீட்டில் நாளைக்கு எத்தனை முட்டை உடைக்கிறீர்கள்?

மாடிக்கோழி
ஞாயிறு, இரவு 9.05

மூன்று. சில நாள் இரண்டு. மீதியை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுகிறேன்.

தீவனமூட்டை
ஞாயிறு, இரவு 9.11

அப்படியென்றால் அந்த ஓடு எல்லாம் பக்கத்து வீட்டுக் குப்பையில். அதுதான் கோழி எலும்பைக் கரைத்துக் கட்டிப் பார்த்துவிட்டு, முடியாமல் தோல்முட்டை போட்டிருக்கிறது.

மேலூர்ப் பஞ்சாரம்
திங்கள், காலை 6.05

கணக்கெல்லாம் சரி தம்பி, ஆனால் எங்கள் சிறுவிடை பன்னிரண்டு, பதினைந்து முட்டை போடும், அப்புறம் அடை உட்கார்ந்துவிடும். 21 நாள் அடை, அதற்கு மேல் குஞ்சைக் கூட்டிக்கொண்டு இரண்டு மூன்று மாதம் அலையும். அத்தனை நாளும் ஓட்டுச் செலவே கிடையாது. காலாற மேய்ந்தால் பூச்சி, நத்தை, கரையான், கீரை. அதற்கு அடுப்படி ஓடே மிச்சம். நீங்கள் சொல்லும் எட்டு ஓட்டுக் கணக்கு விடாமல் முட்டை போடுகிற கோழிக்கு.

தீவனமூட்டை
திங்கள், காலை 6.30

ஒத்துக்கொள்கிறேன் அக்கா. கிராமப்பிரியா ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கியது. வருடத்துக்கு 200 முட்டை என்ற கணக்கில் போடும், அடைக்கும் உட்காராது. முட்டைக்கோழி மாதிரி வேலை வாங்கிக்கொண்டு மேய்ச்சல் கோழி மாதிரி தீனி போட்டால் கட்டாது. மாடிக்கோழியின் மூன்று சிறுவிடையும் இதில் சேராது, ஐந்துதான் பிரச்சினை.

ராத்திரிக்கடை
திங்கள், காலை 11.20

நான் கோழி வளர்ப்பவன் இல்லை. கல்லில் நிற்பவன். தங்கை மாப்பிள்ளை இந்த இழையை அனுப்பி, உங்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள் அண்ணே என்றான்.

எங்கள் கடையில் சாதாரண நாளில் பத்து அட்டை தீரும், 300 முட்டை. சனி ஞாயிறு என்றால் பதினைந்து. கொத்து, கரண்டி ஆம்லெட், கலக்கி, முட்டைப் பரோட்டா. ஓடு எல்லாம் கல்லுக்குப் பக்கத்து வாளியில் விழும். ஆனால் அந்த வாளியில் ஓடு மட்டும் விழாது. வெங்காயச் சருகு, இலைக் கிழிசல், பார்சல் ரப்பர் பேண்டு, மிச்சச் சால்னா எல்லாம் அதே வாளிதான். பன்னிரண்டு மணிக்கு மேல் பையன்கள் தூக்கக் கலக்கத்தில் எதைப் போடுகிறார்கள் என்று எனக்கே தெரியாது. அதை அப்படியே கோழிக்குப் போட்டால் கோழி சாகாதா? யாராவது வேண்டும் என்றால் முதலிலேயே சொல்லுங்கள், ஓட்டுக்கென்று தனியாக ஒரு டின் வைக்கச் சொல்கிறேன். காசெல்லாம் வேண்டாம்.

ஊசிமருந்து
திங்கள், மதியம் 2.00

மாஸ்டர் சொன்னதை எல்லாரும் இன்னொரு தடவை படியுங்கள். சால்னாவில் இருக்கிற உப்பு ஒன்றே போதும், கோழிக்கு உப்பு கூடினால் தாங்காது. ரப்பர் பேண்டைப் புழு என்று நினைத்து விழுங்கும், தீனிப்பை அடைத்துக்கொள்ளும்.

வீட்டு ஓடும் கடை ஓடும் ஒன்றில்லை. வீட்டு ஓட்டில் என்ன கிருமி இருந்தாலும் அது ஏற்கெனவே உங்கள் கோழியிடம் இருப்பதுதான். கடை ஓடு எந்தப் பண்ணையிலிருந்து வந்தது என்று தெரியாது. ஓட்டின் மேல் எச்சம் ஒட்டியிருக்கும், சால்மோனெல்லா இருக்கலாம், அங்கே நோய் இருந்தால் அதுவும் கூடவே வரும். வெயிலில் காயப்போட்டால் போதும் என்று இருக்காதீர்கள். கொதிக்கிற தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்து, காயவைத்து, அப்புறம் அக்கா சொன்ன மாதிரி வறுத்து நொறுக்குங்கள். கொதிக்கவைக்கும் வரை அந்தப் பையைக் கோழி இருக்கும் இடத்துக்கே கொண்டுபோகாதீர்கள். முட்டை அட்டையைக் கூட்டுக்குள் கொண்டுபோய் வைப்பது இன்னும் மோசம். முட்டை வைக்க வசதியாக இருக்கிறது என்று நிறையப் பேர் செய்கிறார்கள்.

உசிலம்பட்டிக் காடு
திங்கள், இரவு 7.45

நான் பட்டதைச் சொல்கிறேன், வேறு யாரும் செய்துவிடாதீர்கள்.

போன வருடம் இப்படி ஓடு வறுத்து மிக்சியில் அடித்து ஒரு டப்பா நிறைய வைத்திருந்தேன். எலும்பு கெட்டிப்படட்டும் என்று குஞ்சுத் தீனியிலும் கிலோவுக்கு இரண்டு கைப்பிடி கலந்தேன். 22 குஞ்சு. ஐந்தாவது வாரத்திலிருந்து ஒவ்வொன்றாகக் குன்றி உட்கார ஆரம்பித்தது. எச்சம் வெள்ளையாகத் தண்ணியாகப் போனது. வெள்ளைக்கழிச்சல் என்று நினைத்து, தடுப்பூசி போட்டவரைத் திட்டினேன். ஒன்பது போய்விட்டது. பத்தாவதை மருத்துவரிடம் தூக்கிப்போனேன், மேசையிலேயே இறந்தது. அறுத்துக் காட்டினார். இதயத்தின் மேலும் ஈரலின் மேலும் விபூதி பூசிய மாதிரி வெள்ளைப் படலம். சிறுநீரகம் வீங்கிச் சுண்ணாம்புக் கோடு கோடாக இருந்தது. "என்ன கலந்து கொடுத்தாய்?" என்று அவர் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

டப்பாவைக் கிணற்றடியில் கொட்டினேன். மீதிக் குஞ்சு பிழைத்தது. தடுப்பூசி போட்டவரிடம் இன்னும் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை.

ஊசிமருந்து
திங்கள், இரவு 9.20

அந்த வெள்ளைப் படலம் யூரிக் அமில உப்பு. சிறுநீரகம் கெட்டுப்போனால் வெளியேற வழியில்லாமல் உள்ளே படிந்துவிடும். தண்ணீர் பற்றாமல் போனாலும் வரும், சில வைரஸ் நோயிலும் வரும். ஆனால் குஞ்சுக்கு அவ்வளவு ஓட்டுத்தூள் கொடுத்திருந்தால் முதல் சந்தேகம் அதன் மேல்தான். வளர்கிற குஞ்சுக்குத் தீனியில் ஒரு சதவீதம் கால்சியம் போதும். முட்டைக்கோழிக்குக் கொடுப்பதில் நாலில் ஒரு பங்கு. அதே காரணத்துக்காக முட்டைக்கோழித் தீவனத்தையும் குஞ்சுக்குப் போடக் கூடாது.

தீனியில் கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வையுங்கள் என்று நாங்கள் தலைபாடாக அடித்துக்கொள்வது இதற்குத்தான். பெட்டைக்கு வேண்டும் என்றால் அதுவே போய் எடுக்கும், வேண்டாம் என்றால் விட்டுவிடும். அப்பத்தா வீட்டுச் சேவல் சுவர் பக்கம் போகவில்லை என்று அக்கா சொன்னாரே, அதே விஷயம். கலந்துவிட்டால் அதற்குத் தேர்ந்தெடுக்க வழியில்லை. வெடைக்கோழிக்குக் கொண்டை சிவந்து முதல் முட்டை வரும் பருவத்தில் கிண்ணத்தைக் காட்டினால் போதும். குஞ்சு ஏற முடியாத உயரத்தில் கட்டிவிடுங்கள்.

குன்றி உட்கார்ந்த கோழியை வைத்துக்கொண்டு இங்கே கேள்வி கேட்காதீர்கள். மதுரைக்காரர்களுக்குத் திருப்பரங்குன்றத்திலேயே கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையம் இருக்கிறது. திருநகரிலிருந்து எட்டி நடந்தால் வந்துவிடும்.

சந்தேகச்சாமி
செவ்வாய், காலை 7.00

சரி, போடலாம் என்று ஆகிவிட்டது. முட்டை குடிக்கும் கோழிக்கு வழி சொல்லுங்கள். சித்தப்பா ஒரு முட்டையில் ஓட்டை போட்டு, உள்ளே மிளகாய்த்தூளை அடைத்துக் கூட்டில் வைத்தார். அதையும் சுத்தமாகத் தின்றுவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றது.

மேலூர்ப் பஞ்சாரம்
செவ்வாய், காலை 7.40

கொல்லையில் பழுத்த மிளகாயைக் கிளி கொறிப்பதைச் சித்தப்பா பார்த்ததில்லை போல.

ஊசிமருந்து
செவ்வாய், காலை 8.15

பறவைக்கு மிளகாய்க் காரம் உறைக்காது. நம் நாக்கில் அந்தக் காரத்தை உணர்கிற புரதம், பறவைக்கு வேறு மாதிரி. உங்கள் சித்தப்பா மசாலா முட்டை பரிமாறியிருக்கிறார்.

முட்டை குடிக்கும் பழக்கம் பெரும்பாலும் ஓடு மெலிந்து கூட்டிலேயே முட்டை உடைவதில்தான் ஆரம்பிக்கிறது. தற்செயலாக உடைந்ததை ருசி பார்க்கும், அப்புறம் தானே உடைக்கும். ஓடு கெட்டியானால் அந்த வழியே அடைபடும். அதனால் நொறுக்கிய ஓடு போடுவது அந்தப் பழக்கத்தைக் கொண்டுவருவதைவிடத் தடுக்கத்தான் உதவும். முட்டையைக் காலையிலேயே எடுத்துவிடுங்கள், முட்டையிடும் இடத்தைக் கொஞ்சம் இருட்டாக வையுங்கள், அடியில் வைக்கோல் கனமாக இருக்கட்டும். பழகிப்போன கோழியைத் திருத்துவது சிரமம்.

மாடிக்கோழி, ஒன்று கேட்க மறந்தேன். கூடு எதன் கீழே இருக்கிறது? இந்தக் கத்திரியில் மத்தியானம் கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறதா?

மாடிக்கோழி
செவ்வாய், காலை 8.50

தகரக் கூரை. பதினோரு மணிக்கு மேல் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு இறக்கையைத் தூக்கிக்கொண்டுதான் நிற்கும். தொட்டித் தண்ணீர் கை வைத்தால் சுடும்.

ஊசிமருந்து
செவ்வாய், காலை 9.10

நினைத்தேன். கோழிக்கு வியர்க்காது, மூச்சு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். இரைக்க இரைக்க ரத்தத்தில் இருக்கிற கரியமில வாயு வெளியே போய்விடும். ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட்டே அதிலிருந்து வருவதுதான். கால்சியம் இருந்தாலும் சேர்த்துக் கட்ட ஆள் குறைந்துவிடும். போதாக்குறைக்கு வெயிலில் தீனியும் பாதிதான் எடுக்கும். கோடையில் ஓடு மெலிவதற்கு நீங்கள் மட்டும் விலக்கில்லை, பெரிய பண்ணைகளுக்கும் இதே பாடுதான்.

தகரத்தின் மேல் தென்னங்கீற்று போட்டு நனையுங்கள். தண்ணீரை மண்பானையில் வைத்து, மத்தியானம் ஒரு தடவை மாற்றுங்கள். தீனியை ஐந்தரை ஆறு மணிக்கே போட்டுவிட்டு, மறுபடி வெயில் தாழ்ந்ததும் போடுங்கள். காலை வெயில் மட்டும் படட்டும், வைட்டமின் டி3 வேண்டும், அது இல்லாமல் எவ்வளவு கால்சியம் தின்றாலும் உடம்பில் ஒட்டாது.

கோயில் வேட்டுச் சத்தத்தில் மிரண்டாலும் ஒன்றிரண்டு முட்டை ஓடு கட்டுவதற்கு முன்பே வெளியே வந்துவிடும். வெடைக்கோழியின் முதல் சில முட்டையும் அப்படி வரலாம். அதற்கெல்லாம் முச்சந்தி தேவையில்லை, அம்மாவிடம் சொல்லுங்கள்.

மாடிக்கோழி
செவ்வாய், காலை 9.25

அம்மாவிடம் நான் சொல்ல மாட்டேன். நீங்கள் வேண்டுமானால் வந்து சொல்லுங்கள் டாக்டர்.

தீவனமூட்டை
செவ்வாய், மதியம் 12.30

எட்டு ஓட்டுக்காக ராத்திரி ஒரு மணிக்குப் பரோட்டாக் கடையில் டின்னோடு நிற்க வேண்டாம் என்றால் இன்னொரு வழி. கோழித் தீவனம் விற்கிற கடையில் ஷெல் கிரிட் என்று கேளுங்கள், கிளிஞ்சல் நொறுக்கியது. தூள் வேண்டாம், குருணையாக இருப்பதை வாங்குங்கள். வீட்டு ஓட்டோடு அதையும் அதே கிண்ணத்தில் போடுங்கள். ஒரு பெட்டைக்குப் பத்து கிராம், இரண்டு டீஸ்பூன் அளவு. மிச்சம் இருந்தால் இருக்கட்டும்.

மாடியில் கல் கிடையாது என்பதையும் மறந்துவிடாதீர்கள். தானியம் தின்கிற கோழிக்கு அரைவைப்பையில் சிறு கல் வேண்டும். ஓடும் கிளிஞ்சலும் கரைந்து போகும், கல்லின் வேலையைச் செய்யாது. பருமணலைச் சலித்து மேலே நிற்பதை ஒரு தட்டில் வையுங்கள்.

திண்ணைப்பேச்சு
செவ்வாய், மாலை 4.15

கோலப்பொடியும் வெள்ளைக் கல்தானே? வாசலில் போட்டால் எங்கள் கோழி கொத்துகிறது. போடலாமா?

தீவனமூட்டை
செவ்வாய், மாலை 4.40

அரிசி மாக்கோலம் என்றால் கொத்தட்டும். கடைப்பொடி என்ன கல் என்று விற்பவருக்கே தெரியாது. சாயமும் கலந்திருக்கும். வேண்டாம்.

மாடிக்கோழி
வியாழன், காலை 7.30 (பதினாறு நாள் கழித்து)

என்ன ஆனது என்று கேட்டுத் தனிச்செய்தி அனுப்பியவர்களுக்காக எழுதுகிறேன்.

கீற்று போட்டாயிற்று, மத்தியானம் இரண்டு தடவை தண்ணீர் தெளிக்கிறேன். பழைய அலுமினியக் கிண்ணத்தைக் கம்பியில் கட்டி, மூன்றரை மணிக்கு ஓடும் கிளிஞ்சலும் கலந்து வைக்கிறேன். முதல் நாள் சேவல் வந்து கூப்பாடு போட்டுப் பெட்டைகளைக் கூப்பிட்டது, தான் ஒரு துண்டைக் கொத்திப் பார்த்துக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டது. அதற்கு மேல் அந்தப் பக்கம் வரவில்லை. கிராமப்பிரியா ஐந்தும் தள்ளுமுள்ளு. முதல் மூன்று நாள் கிண்ணம் காலி, இப்போது பாதிதான் தீர்கிறது. சிறுவிடையில் ஒன்று அடையில் இருக்கிறது, அது ஏறிட்டும் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாளிலிருந்து ஓடு கெட்டி. நேற்று ஆம்லெட்டுக்கு உடைக்கும்போது ஒரு தட்டில் உடையவில்லை, இரண்டாவது தடவை தட்ட வேண்டியிருந்தது. வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து கூப்பிட்டுக் காட்டினாள். தோல்முட்டை அப்புறம் வரவில்லை. ஒரே ஒரு கோழி மட்டும் இன்னும் முனையில் சொரசொரவென்று மெல்லிசாகத்தான் போடுகிறது. மூன்று வயதாகிறது.

ராத்திரிக்கடை அண்ணன் டின் வைத்திருந்தார். இரண்டு தடவை வாங்கிவந்தேன். கொதிக்கவைத்தபோது வீடு முழுக்க நாறி, வீட்டுக்காரி அடுப்பை மொட்டைமாடிக்கு மாற்றச் சொல்லிவிட்டாள். இப்போது வீட்டு ஓடும் கிளிஞ்சலும் மட்டும்தான்.

ஊசிமருந்து
வியாழன், காலை 8.20

நல்லது. நிழலையும் கிண்ணத்தையும் ஒரே நாளில் வைத்துவிட்டீர்கள், எது எவ்வளவு வேலை செய்தது என்று இனி சொல்ல முடியாது. ஐப்பசியில் கீற்றைப் பிரிக்கும்போது எழுதுங்கள். மூன்று வயதுக் கோழி அப்படித்தான் போடும். வயது ஏற ஏற முட்டை பெரிதாகும், அதே ஓட்டை அதற்கு மேல் இழுத்துப் போர்த்த வேண்டும்.

ராத்திரிக்கடை
வியாழன், பகல் 12.05

அப்போ டின் இனி யாருக்கு? பையன்கள் தனியாகப் போட்டுப் பழகிவிட்டார்கள். நேற்று மட்டும் முழு டின்.

திண்ணைப்பேச்சு
வியாழன், பகல் 12.20

அண்ணே, எனக்கு வேண்டும். கோழிக்கு இல்லை, வீட்டில் நாலு மல்லிகைச் செடி இருக்கிறது. மல்லிக்கு முட்டை ஓடு போட்டால் பூ கூடுமா?

சந்தேகச்சாமி
வியாழன், பகல் 12.24

போடாதீர்கள்.